தலை போன பிறகும் நீந்தும் மீன்... சால்மனை ஏமாற்றும் சாய்வு வெட்டு!

போன ஆகஸ்ட்டில் ஒருநாள் நள்ளிரவு, வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. சியாட்டிலில் ஐ.டி வேலையில் இருக்கும் கல்லூரி நண்பன் அனுப்பியிருந்தான். படகு ஓரத்தில் நிற்கும் ஒருவர், கையளவு நீளமுள்ள வெள்ளி நிற மீனைப் பலகையில் வைக்கிறார். கத்தியை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்துவிட்டு, ஒரே இழுப்பில் தலையை எடுக்கிறார். தூண்டிலில் கோத்து, படகோரத் தண்ணீரில் விடுகிறார். தலையே இல்லாத அந்த மீன், உயிர் வந்ததுபோல உருண்டு உருண்டு நீந்த ஆரம்பிக்கிறது!

கீழே ஒரே ஒரு வரி: ``மச்சி, இது எப்படின்னு கண்டுபிடி பார்ப்போம்.''

கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வாரம் ஆச்சு. அந்தக் கதைதான் இது.

வீடியோவில் தலை போன மீன், ஹெர்ரிங். நம்ம ஊர் மத்தி மீனுக்குச் சொந்தக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே மாதிரி கூட்டம் கூட்டமாகத் திரியும், அதே மாதிரி மினுமினுக்கும், கை பட்டாலே செதில் உதிரும். அமெரிக்காவின் மேற்குக் கரையில் கலிஃபோர்னியா, ஒரேகான், வாஷிங்டன் என்று மேலேறி, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவைத் தாண்டி அலாஸ்கா வரைக்கும், கடலில் இருக்கும் சால்மன்களின் முக்கியமான சாப்பாடுகளில் இதுவும் ஒன்று.

சால்மன் என்றதும் ஒரு விஷயம். நம்ம ஊர் ஹோட்டல் மெனுவில் `இந்தியன் சால்மன்' என்று இருக்குமே, அது காலா மீன். சுவையில் குறை சொல்ல முடியாது. ஆனால், சால்மனுக்கும் அதற்கும் உறவு கிடையாது. அசல் பசிபிக் சால்மன் ஆற்றில் பிறந்து, கடலுக்குப் போய் வளர்ந்து, பிறந்த ஆற்றுக்கே திரும்பி வந்து, முட்டையிட்டு இறந்துபோகும். ஆற்றுக்குள் ஏறிவிட்டால் கிட்டத்தட்ட பட்டினிதான். அதனால், அந்தக் கடைசிப் பயணத்துக்கான கொழுப்பு முழுவதையும் கடலிலேயே சேர்த்தாக வேண்டும். ஆக, கோடைக்காலத்தில் கரையோரக் கடலில் சுற்றும் சால்மனுக்கு அகோரப் பசி. அந்தப் பசியைத்தான் இந்த வெட்டு குறிவைக்கிறது.

பனையோலைக் காற்றாடி டெக்னிக்

ஹெர்ரிங் கூட்டத்துக்குள் சால்மன் பாயும்போது, கூட்டம் சிதறும். அதில் அடிபட்ட ஒன்றிரண்டு மீன்கள் நேராக நீந்த முடியாமல் புரண்டு புரண்டு பின்தங்கும். துரத்திப் பிடிக்கும் வேலையே வேண்டாம், வாயைத் திறந்தால் போதும். சால்மனைப் பொறுத்தவரை தள்ளாடும் ஹெர்ரிங் என்றால், இலவச டிபன்.

இப்போது பிரச்னை என்னவென்றால், தூண்டிலில் கோக்கும் ஹெர்ரிங் செத்து, ஐஸில் கிடந்தது. அதைத் தள்ளாட வைப்பது எப்படி?

சின்ன வயதில் பனையோலைக் காற்றாடியைப் பிடித்துக்கொண்டு தெருவில் ஓடியிருப்பீர்கள். ஓலை சாய்வாக இருப்பதால்தான் காற்று அதைத் தள்ளிச் சுற்றவைக்கிறது. அதே கதைதான் இங்கேயும். ஹெர்ரிங்கின் தலையை நேராக வெட்டினால், தண்ணீரில் இழுக்கும்போது மரக்கட்டை மாதிரி வரும். சாய்வாக வெட்டினால், எதிரே வரும் தண்ணீர் அந்தச் சாய்வில் மோதி ஒருபக்கமாகத் தள்ளும். மீன் உருள ஆரம்பிக்கும். ஒவ்வொரு உருளலுக்கும் வெள்ளி விலா ஒருமுறை பளிச்சிடும், ஒருமுறை மறையும். தூரத்தில் இருந்து பார்க்கும் சால்மனுக்கு, `அடிபட்டவன் ஒருத்தன் தனியா மாட்டிக்கிட்டான்' என்று தோன்றும்.

சாய்வு ஒன்றல்ல, இரண்டு. செவுளுக்குச் சற்றுப் பின்னால் கத்தியை வைத்து, முதுகிலிருந்து வயிற்றுக்கு ஒரு சாய்வு. அதே நேரத்தில் ஒரு விலாவிலிருந்து மறு விலாவுக்கு இன்னொரு சாய்வு. வெட்டி முடித்துப் பார்த்தால், உடம்பின் ஒருபக்கம் நீளமாகவும் மறுபக்கம் குட்டையாகவும் இருக்க வேண்டும். வீடியோவில் அந்த மனிதர் கத்தியை இப்படியும் அப்படியும் சாய்த்தது இதற்குத்தான். கை பழகாதவர்களுக்காக, தச்சர்கள் சட்டம் வெட்டப் பயன்படுத்தும் மைட்டர் பாக்ஸ் மாதிரியே பிளாஸ்டிக்கில் ஒரு அச்சு விற்கிறார்கள். மீனை உள்ளே வைத்து, கோட்டில் கத்தியை இறக்கினால் கோணம் தப்பாது.

இதில் சால்மனுக்கு சால்மன் ரசனையும் மாறுகிறது. சினூக் என்கிற பெரிய வகை, ராஜா மாதிரி. சோம்பேறித்தனமாக, அகலமாக உருளும் இரைதான் அதற்குப் பிடிக்கும் என்பது அங்குள்ளவர்களின் அனுபவம். கோஹோ கொஞ்சம் இளரத்தம். இரை வேகமாக, நெருக்கமாகச் சுழல வேண்டும். சினூக்கை சாதாரணமாக எடை போட்டுவிடாதீர்கள். 1985-ல் அலாஸ்காவின் கீனாய் ஆற்றில் தூண்டிலில் சிக்கிய ஒரு சினூக்கின் எடை, சுமார் 44 கிலோ!

கல்லுப்பும் சொட்டு நீலமும்

வெட்டு எவ்வளவு கச்சிதமாக இருந்தாலும், மீன் கொழகொழவென்று இருந்தால் எல்லாம் வேஸ்ட். பத்து நிமிடம் தண்ணீரில் இழுத்தால் பிய்ந்துவிடும். அதனால், பாதி வேலை முந்தைய நாள் ராத்திரியே கிச்சனில் முடிந்துவிடுகிறது.

கடையில் ஹெர்ரிங்கை டஜன் கணக்கில் தட்டில் அடுக்கி, காற்று நீக்கிய பாக்கெட்டில் உறையவைத்து விற்கிறார்கள். அளவைச் சொல்வது லேபிளின் நிறம். பச்சை என்றால் ஐந்து, ஆறு அங்குலம். நீலம் அதைவிடச் சற்றுப் பெரியது. ஊதா இன்னும் பெரியது. வாங்கும்போது பார்க்க வேண்டியது, நம்ம மீன் மார்க்கெட்டில் அம்மா பார்ப்பதையேதான். கண் தெளிவாக இருக்கா, செதில் உதிராமல் இருக்கா, வயிறு கிழியாமல் இருக்கா?

அடுத்து உப்புத் தண்ணீர். அயோடின் கலக்காத கல்லுப்பைத் தாராளமாகக் கரைத்து, அதில் ஹெர்ரிங்கை ராத்திரி முழுக்க ஊறப்போடுகிறார்கள். நம்ம ஊர்க் கருவாட்டுக் கணக்குதான். உப்பு, சதையிலிருக்கும் நீரை வெளியே இழுக்க, சதை இறுகும். செதிலும் ஒட்டி நிற்கும். குளோரின் வாசனையடிக்கும் குழாய்த் தண்ணீரைப் பலர் தொடுவதில்லை.

அதற்கு அடுத்த பொருளைக் கேட்டதும் சிரித்துவிட்டேன். வெள்ளைத் துணிக்குப் போடும் நீலம்! அமெரிக்காவில் `மிசஸ் ஸ்டூவர்ட்ஸ் புளூயிங்' என்று பல தலைமுறையாக விற்கும் பாட்டில் அது. நம்ம வீட்டுச் சொட்டு நீலம் செய்யும் அதே வேலையைத்தான் செய்கிறது. மஞ்சள் பாய்ந்த வெள்ளையைப் பளிச் வெள்ளையாகக் காட்டுவது. சட்டைக்குப் பதில் இங்கே மீனின் விலா. சில சொட்டு விட்டால், ஊறியெழுந்த ஹெர்ரிங் உயிரோடு இருப்பதைவிட அதிகமாக ஜொலிக்கும். `மீனுக்கும் மேக்கப்பா?' என்று கேட்டால், ஆமாம், கல்யாணத்துக்குத்தான் போகிறது... யாருடைய கல்யாணம் என்பதுதான் அதற்குத் தெரியாது.

காலையில் மீன் பாதி விறைப்பாக இருக்கும்போதே வெட்டுவது நல்லது, முனை கிழியாது. கத்தி கூர்மையாக இருக்க வேண்டும். பிறகு, வெட்டின வழியாகவே குடலைச் சுரண்டி எடுத்துவிட்டு, ஒரே நரம்பில் கட்டிய இரண்டு கொக்கிகளைக் கோக்கிறார்கள். மேல் கொக்கி, வெட்டுவாய்க்குள் நுழைந்து, முதுகெலும்புக்குப் பக்கத்தில் வெளியே வரும். பின்கொக்கி உடம்போடு அல்லது வாலுக்குப் பக்கத்தில் தொங்கும். மேல் கொக்கி ஒரு நூல் தள்ளிப் போனாலும் சுழற்சி மாறிவிடும். எனவே ஆழத்தில் இறக்குவதற்கு முன், படகை ஒட்டியே இழுத்துப் பார்ப்பது கட்டாயம். சரியாகச் சுழலவில்லையென்றால் மறுபடி கோக்க வேண்டும். இந்த ஒரு நிமிடத்துக்குச் சோம்பல்பட்டு, அரை நாளை வீணாக்குகிறவர்கள்தான் அதிகம். சுழலும் இரை நரம்பையும் முறுக்கிவிடும் என்பதால், நடுவில் சுழலும் இணைப்பு ஒன்றும் வேண்டும்.

இழுப்பதா, ஏற்றி இறக்குவதா?

தண்ணீரில் விடுவதில் இரண்டு பாணி. ஒன்று, ட்ரோலிங். படகை நடை வேகத்தில் ஓட்டி, இரையைப் பின்னால் இழுத்துக்கொண்டே போவது. இன்னொன்று, மூச்சிங். இன்ஜினை அணைத்துவிட்டு, ஈயக்குண்டோடு இரையை ஆழத்துக்கு இறக்கி, மெதுவாக மேலே தூக்கி மறுபடி இறக்குவது. நீரோட்டமும் அலையும் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

சியாட்டிலின் எலியட் வளைகுடாவில் மூச்சிங்கை வளர்த்தவர்களில் ஜப்பானிய அமெரிக்கர்களுக்குப் பெரிய இடம் உண்டு. அவர்களின் `டெங்கு' கிளப் நடத்தும் போட்டியில் மூச்சிங் மட்டும்தான் செல்லும். செயற்கை இரையும் நவீன இயந்திரங்களும் கூடாது. டெங்கு என்றதும் கொசுவைத் தேடாதீர்கள். ஜப்பானியக் கதைகளில் வரும் நீள மூக்குப் பூதம் அது. பொய் சொல்லச் சொல்ல மூக்கு வளருமாம். மீன் பிடிக்கிறவர்கள் சங்கத்துக்கு இதைவிட நேர்மையான பெயர் யாரால் வைக்க முடியும்?

மூச்சிங்கில் கையைக் கட்டிப்போடுவதுதான் கஷ்டம். சினூக் முதலில் டொக், டொக் என்று தட்டும். உடனே வெடுக்கென்று இழுத்தால் போச்சு. பாரம் ஏறி கம்பு வளையும்வரை நரம்பைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

அந்த ஒரு சின்னத் துடுப்பு

இங்கேதான் சிக்கலே ஆரம்பிக்கிறது. இரும்புத் தகட்டைக் கடித்தால், சால்மன் உடனே துப்பிவிடப் பார்க்கும். ஹெர்ரிங் அசல் உணவு என்பதால், விழுங்கிவிடும். கொக்கி தொண்டைக்கோ வயிற்றுக்கோ போய்விட்டால், கழற்றி விட்டாலும் பிழைப்பது கஷ்டம்.

`பிடித்த மீனை ஏன் விட வேண்டும்?' ஏனென்றால், பிடிக்கிற எல்லா சால்மனும் உங்களுடையது இல்லை. பண்ணையில் பொரித்துக் கடலுக்கு அனுப்பும் குஞ்சுகளுக்கு, முதுகில் வாலுக்குச் சற்று முன்னால் இருக்கும் சின்னச் சதைத் துடுப்பை நறுக்கிவிடுகிறார்கள். வாஷிங்டன் கடலில் கோஹோ பிடித்தால் முதலில் அந்த இடத்தைத்தான் பார்க்க வேண்டும். துடுப்பு இல்லையென்றால் பண்ணை மீன், வைத்துக்கொள்ளலாம். துடுப்பு இருந்தால் இயற்கையாகப் பிறந்தது; பெரும்பாலும் விட்டாக வேண்டும். அதுவும் படகுக்குள் தூக்காமல், தண்ணீரில் வைத்தே.

இந்தக் கறாருக்குக் காரணம் இருக்கிறது. சியாட்டிலை ஒட்டிய பியூஜெட் சவுண்ட் சினூக், 1999-லேயே அமெரிக்க அரசின் பாதுகாப்புப் பட்டியலுக்குப் போய்விட்டது. அதே சினூக்கை நம்பித்தான் அங்குள்ள ஓர்கா திமிங்கிலக் குடும்பங்களும் வாழ்கின்றன. கலிஃபோர்னியாவில் ஆற்றுக்குத் திரும்பும் சால்மன் குறைந்துபோய், 2023, 2024 இரண்டு வருடமும் கடல் சால்மன் பிடிப்பையே மொத்தமாக மூடிவிட்டார்கள். படகு வைத்திருந்தவர்கள் என்ன ஆகியிருப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அதனால்தான் கொக்கிக்கும் சட்டம் இருக்கிறது. வாஷிங்டன், ஒரேகான் கடல் பகுதிகளில் சால்மனுக்குப் போடும் கொக்கியில், நுனிக்குக் கீழே எதிர்ப்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும் குட்டி முள் இருக்கக் கூடாது; மீன் வாயிலிருந்து சுலபமாக வழுக்கி வர வேண்டும். கலிஃபோர்னியாக் கடற்கரையின் பெரும்பகுதியில், மூச்சிங் செய்கிறவர்கள் வட்டக் கொக்கிதான் போட வேண்டும். நுனி உள்நோக்கி வளைந்திருப்பதால், விழுங்கினாலும் தொண்டையில் குத்தாமல் நழுவி வந்து, வாயோரத்தில் மாட்டும்.

நண்பன் அன்றைக்குப் போயிருந்தது, சியாட்டிலிலிருந்து இரண்டரை மணி நேரம் காரில் போனால் வரும் வெஸ்ட்போர்ட் துறைமுகம். வீடியோவில் இருந்தவர் அவன் ஏறிய வாடகைப் படகின் உதவியாளர். அவனும் கத்தியை வாங்கி வெட்டிப் பார்த்திருக்கிறான். முதல் மீன், நேர் வெட்டு. கட்டை மாதிரி வந்தது. இரண்டாவது கிழிந்துபோச்சு. மூன்றாவது, கொஞ்சம் கோணலாகத்தான் என்றாலும் சுழன்றது. முக்கால் மணி நேரத்தில் கம்பு வளைந்தது. கை வலிக்க வலிக்க இழுத்து, படகுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தால், நல்ல கோஹோ. முதுகில் அந்தச் சின்னத் துடுப்பு முழுசாக இருந்தது.

``செல்ஃபி எடுத்தியாடா?''

``எங்க? தூக்கவே கூடாதுன்னுட்டாங்க. உதவியாளர் நீளக் கம்பி ஒன்ன விட்டு ஒரு திருகு திருகினார், கொக்கி கழண்டுச்சு. ஒரு செகண்ட் அப்படியே நின்னுச்சு மச்சி, அப்புறம் ஒரே ஓட்டம்.''

சால்மன் கிடைக்கவில்லை. ஆனால், வெட்டிப்போட்ட ஹெர்ரிங் தலைகள் ஒரு வாளி மிச்சம் இருந்தன. சாயங்காலம் அதையே ஒரு கூண்டில் போட்டு, துறைமுகப் பலகைத் தளத்திலிருந்து இறக்கியிருக்கிறான். அன்று ராத்திரி அவன் வீட்டில் நண்டு மசாலா.