பனிக்கால டீக்கு தனி ருசி! மழை வந்தால் சப்பென்று ஆவது ஏன்?

குன்னூர்:
"என்ன மாஸ்டர், டீ சப்புன்னு இருக்கே... தூளை மாத்திட்டீங்களா?"

மழைக்காலத்தில் நீலகிரி டீக்கடைகளில் இப்படி ஒரு குரல் கேட்டால் ஆச்சரியமில்லை. பாவம், மாஸ்டர் மேல் தப்பில்லை. எல்லாம் வானிலை செய்யும் வேலை!

நீலகிரியில் வருஷம் முழுக்க கொழுந்து பறிக்கிறார்கள். ஆனால் சீசனுக்கு சீசன் ருசி மாறும்.

மழையில் என்ன ஆகிறது?

மழை விழுந்ததும் செடி மளமளவென்று துளிர்க்கும். மூட்டை மூட்டையாக இலை வரும். சாதாரணமாகவே கொழுந்தில் முக்கால் பங்கு தண்ணீர்தான். மழையில் நனைந்த இலை என்றால் கேட்கவே வேண்டாம். தொழிற்சாலையில் முதல் வேலை, கொழுந்தை பரப்பி காற்று விட்டு மணிக்கணக்கில் வாட வைப்பது. ஈர இலை சரியாக வாடாது. அதை அரைத்தால் மணம் குறையும். டிகாஷனில் 'பவர்' இருக்காது.

பனியில் மணப்பது ஏன்?

மழை ஓய்ந்த ஜனவரி, பிப்ரவரியில் பகலில் வெயில், ராத்திரியில் கடுங்குளிர். செடி மெதுவாகத்தான் வளரும். துளிர் சின்னதாக இருந்தாலும் மணம் தரும் சத்துகள் அதில் கூடுதலாக சேரும். இந்த சீசன் தூளில் பூ வாசனை அடிப்பது இதனால்தான்.

விவசாயி பாடு திண்டாட்டம்

ருசி இருக்கும்போது இலை இல்லை. இலை குவியும்போது விலை இல்லை. ஒரு கிலோ டீத்தூளுக்கு 4 முதல் 5 கிலோ பசுந்தேயிலை வேண்டும். குளிர் கொஞ்சம் கூடி உறைபனி விழுந்தாலோ, பள்ளத்தில் உள்ள தோட்டங்கள் காலி! காலை வெயில் பட்டதும் கொழுந்து தீயில் வாட்டியது போல கருகிவிடும். மறுபடி துளிர்க்கும் வரை சிறு விவசாயிக்கு வருமானம் இல்லை. பறிக்கும் பெண்களுக்கு கூலி இல்லை.

பாக்கெட் தூளில் இந்த வித்தியாசம் அவ்வளவாக தெரியாது. பல தோட்டத்து தூளை கலந்து, ஒரே ருசி வரும்படி செய்து விடுகிறார்கள்.

பனி சீசனில் ஊட்டி, குன்னூர் பக்கம் போனால் "இது எந்த மாசத்து தூள்?" என்று கேட்டு வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் டப்பாவை இறுக்கி மூடுங்க. ஈரக்காற்று பட்டால் அந்த மணமும் போயே போச்சு!