எதிர்த்து நிற்கும் குழந்தையும் வீட்டுச் சச்சரவுகளும்

பெரியவர் சொன்னதைச் செய்ய மறுப்பது, எதிர்த்து வாதாடுவது, வேண்டுமென்றே எரிச்சலூட்டுவது ஆகியவை ஒரு குழந்தையிடம் அடிக்கடி காணப்படுவதை எதிர்ப்பு நடத்தை என்பர். இரண்டு, மூன்று வயதில் 'மாட்டேன்' என்ற சொல் ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் கேட்கும். தான் வேறு, அம்மா வேறு என்று குழந்தை உணரத் தொடங்கியதன் அடையாளம் அது. அதைப் பிடிவாதம் என்று பெயரிட்டு அடக்க வேண்டியதில்லை. பள்ளி வயதிலும் நாள்தோறும் சண்டை தொடர்ந்தால்தான் கவனம் தேவைப்படுகிறது.

சண்டை வளரும் விதம்

அமெரிக்க உளவியலாளர் ஜெரால்ட் பேட்டர்சன், ஓரிகன் மாநிலத்தில் குடும்பங்களை அவர்கள் வீட்டிலேயே உற்றுநோக்கி ஆராய்ந்தவர். அவர் 1982இல் வெளியிட்ட நூல், இத்தகைய சண்டைகளை ஒரு சுழற்சியாக விளக்குகிறது.

எட்டு வயதுச் சிறுவன் கைப்பேசியில் விளையாடுகிறான் எனக் கொள்வோம். அடுக்களையிலிருந்து அம்மா "போனை வை" என்கிறார். பதில் இல்லை. மூன்றாம் முறை அம்மா கத்துகிறார். அவனும் கத்துகிறான், தலையணையை வீசுகிறான். "எப்படியோ போ" என்று அம்மா விலகிவிடுகிறார். அந்த நொடியில் இருவருக்கும் ஆதாயம்: அவனுக்குப் போன், அம்மாவுக்கு அமைதி. மறுநாள் அவன் கத்தலிலிருந்தே தொடங்குவான். இதே இடத்தில் அப்பா ஓர் அடி வைத்து, அவனும் உடனே அடங்கிவிட்டால், அடி பலிக்கிறது என்று அப்பா கற்றுக்கொள்கிறார். அடுத்த முறை கை முன்னதாகவே ஓங்கும். குழந்தை மட்டும் கெட்டுப்போனதாகப் பேசுவது பாதி உண்மைதான்.

சுழற்சியை நிறுத்தும் வழிகள்

ஷீலா ஐபர்க் 1970களில் உருவாக்கிய பெற்றோர்–குழந்தை ஊடாட்டச் சிகிச்சை, கட்டளையில் தொடங்குவதில்லை; விளையாட்டில் தொடங்குகிறது. நாள்தோறும் ஐந்து நிமிடம், குழந்தை தேர்ந்த விளையாட்டில் பெற்றோர் சேர்ந்துகொள்ள வேண்டும். அந்நேரத்தில் கட்டளை, கேள்வி, குறைகூறல் மூன்றும் கூடாது. செய்த நல்லதைப் பெயர் சொல்லிப் பாராட்ட வேண்டும். திட்டு வாங்கும்போது மட்டுமே பெரியவரின் முழுக் கவனமும் கிடைக்கும் வீட்டில், குழந்தை திட்டையே தேடிப் போகும் என்பதால் இது முதலில் வருகிறது.

கட்டளை அதன் பிறகே. அறைக்கு வெளியிலிருந்து கூவாமல் அருகில் சென்று, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். "சாப்பிட வர்றியா?" என்று கேட்டால் "வரல" என்பதும் முறையான பதிலே, "கை கழுவிட்டு வந்து உட்காரு" என்பதே கட்டளை. சொன்னபின் சில நொடி பேசாமல் காத்திருப்பது பலருக்கும் கடினம். செய்யாவிட்டால் என்ன நேரும் என்பதைச் சிறியதாக, நிறைவேற்றக்கூடியதாக வைக்க வேண்டும்: இன்று போன் பத்து நிமிடம் குறையும். "இனி ஒரு மாசத்துக்குப் போனே கிடையாது" என்ற மிரட்டல் இரண்டாம் நாளே உடைந்துவிடும்.

பெற்றோர் விட்டுக்கொடுப்பதை நிறுத்தியதும் அழுகையும் ஆர்ப்பாட்டமும் முதலில் கூடும். பலர் இந்தக் கட்டத்தில்தான் 'இது பலிக்கவில்லை' என்று கைவிடுகிறார்கள். அப்படிப் பாதியில் இணங்கினால், இன்னும் அதிகம் அழ வேண்டும் என்பதே குழந்தைக்குப் பாடமாகும். தாத்தா, பாட்டி உள்ள வீட்டில் எல்லாரும் முன்கூட்டியே பேசி ஒத்துக்கொள்ளாவிட்டால் எந்த விதியும் நிற்காது.

அடி அப்போதைக்கு அடக்கும்; காலப்போக்கில் முரட்டுத்தனத்தைக் கூட்டும் என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. சுவீடன் 1979இல் வீட்டிலும் அடிப்பதைச் சட்டத்தால் தடை செய்தது. இந்தியாவில் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் உடல் தண்டனையைத் தடுக்கிறது.

கோளாறாகக் கருதப்படும் நிலை

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு இதற்கு எட்டு அறிகுறிகளைத் தருகிறது. அவற்றில் நான்காவது ஆறு மாதங்களுக்குக் குறையாமல், உடன்பிறந்தோர் அல்லாத ஒருவரிடமாவது காணப்பட வேண்டும். அண்ணன்–தம்பி சண்டையை மட்டும் வைத்துக் கோளாறு என்று சொல்ல முடியாது. முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவரே.

அதற்கு முன் காதைச் சோதிப்பது நல்லது. சொன்னதைக் கேட்காத பிள்ளைக்குச் சில வேளை உண்மையிலேயே கேட்பதில்லை. படிக்க உட்காரும்போது மட்டும் சண்டை வந்தால் கற்றல் குறைபாட்டையும், திடீரென மாறிய பிள்ளையிடம் பள்ளியிலோ வெளியிலோ எவரேனும் துன்புறுத்துகிறார்களா என்பதையும் பார்க்க வேண்டும். இந்தியாவில் இவற்றைக் கண்டறிய மாவட்ட மருத்துவமனைகளில் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் இயங்குகின்றன. ஆபத்தில் உள்ள குழந்தைக்கு உதவி கோர 1098 என்ற கட்டணமில்லா எண் உள்ளது.