‘ஈவான் எட் நியோஜ்’

‘தி சிம்ப்சன்ஸ்’ என்ற அமெரிக்க அனிமேஷன் தொடரில் 2001 பிப்ரவரி 25 அன்று ஒளிபரப்பான அத்தியாயம் ‘நியூ கிட்ஸ் ஆன் தி பிளெக்’. 1980களின் இறுதியில் கொடிகட்டிப் பறந்த ‘நியூ கிட்ஸ் ஆன் தி பிளாக்’ என்ற பாப் குழுவின் பெயரில் கடைசிச் சொல்லை மட்டும் மாற்றிய தலைப்பு இது. ‘மேட்’ என்ற நையாண்டிப் பத்திரிகை பல்லாண்டுகளாக அச்சிட்டுவந்த குமட்டல் ஒலிதான் ‘பிளெக்’. தமிழில் சொன்னால் ‘உவ்வே’.

பார்ட், மில்ஹவுஸ், நெல்சன், ரால்ஃப் என்ற நான்கு பள்ளிப் பிள்ளைகளை எல்.டி. ஸ்மாஷ் என்னும் தயாரிப்பாளர் ‘பார்ட்டி பாஸி’ என்ற குழுவாக்குகிறார். நால்வருக்கும் பாட வராது. ஒலிப்பதிவுக்கூடத்தில் ஒரு பொத்தானைத் தட்டுகிறார். கரகரத்த குரல்கள் தேனாகிவிடுகின்றன. அப்போதே அப்படியொரு மென்பொருள் நிஜத்தில் இருந்தது. எண்ணெய் தேடுவதற்காக நிலத்தடி அதிர்வலைகளை ஆராய்ந்துகொண்டிருந்த ஆண்டி ஹில்டிபிராண்ட், அந்தக் கணக்குகளையே குரலுக்குத் திருப்பி உருவாக்கிய ‘ஆட்டோ-டியூன்’ 1997இல் வெளிவந்தது. விலகிய சுருதியை அது இழுத்து நிறுத்தும், அவ்வளவுதான். பாவத்தையும் மூச்சுக்கட்டையும் பாடுபவரே கொண்டுவர வேண்டும். பிள்ளைகளுக்குச் சாதகம் செய்யச் சொல்லித்தருவதைவிடப் பொத்தான் மலிவு என்று கண்டுகொண்ட தொழிலைத்தான் அத்தியாயம் கிண்டலடிக்கிறது. கிண்டலுக்கு ஆளான வகையறாவைச் சேர்ந்த ‘என் சிங்க்’ குழுவின் ஐவரும் தாங்களாகவே வந்து குரல் கொடுத்திருக்கிறார்கள். அவர்களது ‘நோ ஸ்டிரிங்ஸ் அட்டாச்டு’ 2000இல் முதல் வாரத்திலேயே அமெரிக்காவில் 24 லட்சம் பிரதிகள் விற்றிருந்தது.

பார்ட்டி பாஸியின் பாட்டில் ‘ஈவான் எட் நியோஜ்’ என்றொரு பல்லவி திரும்பத் திரும்ப வருகிறது. பார்ட்டின் தங்கை லிசாவுக்கு அது உறுத்துகிறது. வீடியோவைப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தால் ‘ஜாயின் தி நேவி’ என்று கேட்கிறது: கடற்படையில் சேருங்கள்! ஸ்மாஷ் உண்மையில் கடற்படை அதிகாரி. லெப்டினன்ட் பதவியின் ஆங்கிலச் சுருக்கமும் எல்.டி.தான்.

இந்தப் பல்லவியைச் சற்று நின்று கவனிக்கலாம். ‘ஜாயின் தி நேவி’யின் ஆங்கில எழுத்துகளைக் கடைசியிலிருந்து எழுதி வாசித்தால் கிடைப்பது அது. எழுத்தைத் திருப்புவது வேறு, ஒலியைத் திருப்புவது வேறு. ‘விகடகவி’யை எழுத்தெழுத்தாகத் திருப்பினால் விகடகவியே வரும். பதிவுசெய்து பின்னோக்கி ஓட்டினால் ‘இவகடகிவ்’ என்பதுபோல் கேட்கும். ‘வி’ என்ற ஓரெழுத்துக்குள் மெய் முன்னும் உயிர் பின்னுமாக இரண்டு ஒலிகள் இருக்கின்றனவே. ஆங்கிலத்தில் சிக்கல் வேறுவிதம். ‘தி’ என்பதன் முதல் ஒலிக்கு டி, எச் என்று இரண்டு எழுத்துகள். திருப்பி எழுதும்போது எச் ஊமையாகி, டகரம் மட்டும் மிஞ்சுகிறது. நேவியின் ஏகாரமும் ஆகாரமாகிவிடுகிறது. ஆகவே அந்தப் பல்லவியை நிஜமாகவே பின்னோக்கி ஓட்டினால் ‘ஜோயின் டெ நாவீ’ போல ஒன்று கேட்கும். புரியாமல் போகாது, ஆள் ஏதோ வெளியூர் என்று தோன்றும். ‘ட்வின் பீக்ஸ்’ தொடரின் சிவப்பறைக் காட்சிகளில் நடிகர்கள் வசனத்தை ஒலி ஒலியாகத் திருப்பிப் பேசினார்கள். அதை மறுபடி திருப்பி ஒளிபரப்பினார்கள். அங்கும் அதே விசித்திர உச்சரிப்பு.

நேராகக் கேட்பவருக்கு இந்தத் தலைகீழ்ச் செய்தி மனத்தில் ஏறுமா? கனடாவின் வோக்கி, ரீட் என்ற உளவியலாளர்கள் 1985இல் வெளியிட்ட ஆய்வில், பின்னோக்கி ஓடும் பேச்சின் பொருள் கேட்பவரைப் பாதித்ததற்குத் தடயம் கிடைக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத விளம்பரத்தைத் திரையில் மின்ன விட்டு பாப்கார்ன் விற்பனையைக் கூட்டியதாக 1957இல் ஜேம்ஸ் விக்காரி சொன்னது பரபரப்பானது. அது ஒரு வித்தைதான் என்று 1962இல் அவரே ஒப்புக்கொண்டார். புரளியைக் கேட்ட அளவு பேர் அந்த ஒப்புதலைக் கேட்கவில்லை.

அத்தியாயத்தை எழுதியவர்களுக்கு இது புரியாமலில்லை. மறைமுகம், நேர்முகம், அதற்கும் மேலே ஒன்று என மூன்று வழிகள் இருப்பதாக ஸ்மாஷ் லிசாவிடம் சொல்கிறார். மூன்றாவது வழி, சன்னலைத் திறந்து தெருவில் போகிறவர்களைப் பார்த்துக் கடற்படையில் சேரச் சொல்லிக் கத்துவது. அவர்களும் சரி என்று சேர்ந்துவிடுகிறார்கள். பல்லவியைவிட நிஜத்துக்கு நெருக்கமான இடம் இதுதான். 1986இல் ‘டாப் கன்’ படத்துக்கு விமானந்தாங்கிக் கப்பலையும் போர் விமானங்களையும் கொடுத்த அமெரிக்கக் கடற்படைக்கு எதையும் தலைகீழாகச் சொல்லவேண்டிய தேவை இருக்கவில்லை.

‘மேட்’ பத்திரிகை குழுவைக் கேலி செய்யப்போகிறது என்று தெரிந்ததும் கடற்படை திட்டத்தைக் கைவிடுகிறது. ஆத்திரத்தில் ஸ்மாஷ், கச்சேரி நடந்துகொண்டிருக்கும் விமானந்தாங்கிக் கப்பலையே நியூயார்க்குக்கு ஓட்டிச்சென்று பத்திரிகை அலுவலகத்தைத் தகர்த்துவிடுகிறார். நிஜ ‘மேட்’ அலுவலகம் 2017 இறுதிவரை நியூயார்க்கில்தான் இருந்தது. பிறகு கலிபோர்னியாவுக்கு இடம்பெயர்ந்தது.