காட்டுத்தீ வராத தெருவிலும் வீடு எரிவது ஏன்? கூரை விளிம்பில் கிடக்கும் ஒரு பிடி சருகு செய்யும் வேலை

2003 ஜனவரி 18, சனிக்கிழமை. ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவின் புறநகரான டஃபி. சாலைக்கு இந்தப் பக்கம் வீடுகள், அந்தப் பக்கம் பைன் மரத் தோட்டம். பத்து நாட்களாக மலைப்பகுதியில் எரிந்துகொண்டிருந்த காட்டுத்தீ அன்று பிற்பகல் நகருக்குள் வந்தது. 4 பேர் இறந்தார்கள். கான்பெராவில் சுமார் 500 வீடுகள் சாம்பலாயின. டஃபியில் மட்டும் 200க்கும் மேல்.

மரத்தோட்டத்தை ஒட்டிய வீடுகள் எரிந்ததில் ஆச்சரியமில்லை. ஆனால், அங்கிருந்து சில தெருக்கள் உள்ளே தள்ளியிருந்த வீடுகளும் எரிந்திருந்தன. காட்டின் தீச்சுவாலை அவ்வளவு தூரம் வரவே இல்லை. அப்படியென்றால் வந்தது எது?

தீப்பொறி. ஆஸ்திரேலியாவில் காட்டுத்தீக்கு இரையாகும் வீடுகளில் பெரும்பாலானவை நேரடிச் சுவாலையால் எரிவதில்லை, காற்றில் பறந்து வரும் பொறியால்தான் எரிகின்றன என்று அந்நாட்டு ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறார்கள். அந்தப் பொறி தேடும் முதல் இடங்களில் ஒன்று, கூரை விளிம்பில் ஓடும் மழைநீர்த் தாரை. அங்கே அதற்குப் பெயர் ‘கட்டர்’. இலங்கைத் தமிழர் பேச்சில் பீலி. சொல் சின்னதாக இருக்கிறது, அதையே வைத்துக்கொள்வோம்.

தீப்பொறி மழை என்பது என்ன?

அடுப்பில் படபடவென்று தெறிக்குமே, அந்த மாதிரிப் பொறி என்று நினைத்தால் தவறு. யூகலிப்டஸ் வகை மரங்கள் சிலவற்றில் பட்டை நாடா நாடாகத் தொங்கும். சிலவற்றில் நார் நாராக உரியும். தீ மரத்தில் ஏறும்போது இந்தப் பட்டைகள் கங்காகி, அனல் காற்றோடு மேலே போய்விடும். விக்டோரியா மாநிலத்தில் 173 பேரைப் பலிகொண்ட 2009 பிப்ரவரி 7 ‘கறுப்புச் சனி’ தீயில், இப்படிப் பறந்த பட்டைகள் 30 கி.மீ.க்கும் அப்பால் போய்ப் புதிய தீயை மூட்டின.

அது உச்சக்கட்டம். வீட்டுக்கு ஆபத்தாக வருபவை பெரும்பாலும் பக்கத்திலிருந்து வரும் சின்னச் சின்னக் கங்குகள். ஒன்றல்ல, நூறல்ல, மழைபோல் விழும். காட்டுத்தீயின் முன்வரிசை ஒரு வீட்டைச் சில நிமிடங்களில் கடந்துவிடும். கங்குகளோ அதற்கு முன்பே வரத் தொடங்கி, அது போன பிறகும் மணிக்கணக்கில் விழுந்துகொண்டிருக்கும். ‘தப்பிச்சாச்சு’ என்று மூச்சு விடும் நேரத்தில்தான் கூரைக்குள் புகை கிளம்பும்.

நீலகிரியில் நாம் தைலமரம் என்கிறோமே, அது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்ததுதான். தைலம் தரும் அதே எண்ணெய்தான் அந்த இலையை வேகமாகப் பற்றவும் வைக்கிறது. இன்னொரு சங்கடம்: இந்த மரங்கள் வருடம் முழுக்கப் பச்சையாக இருந்தாலும், இலையை அதிகம் கொட்டுவது கோடையில். அதாவது, தீக்காலமும் பீலி நிறையும் காலமும் ஒன்று.

பீலியில் என்ன நடக்கிறது?

பீலி பெரும்பாலும் தகரம். அது எரியாது, அதற்குள் கிடக்கும் சருகுதான் எரியும். ஒரு கங்கு விழுந்தால் சருகு பற்றுகிறது. பீலிக்குப் பின்னால் மரப்பலகை, கீழே இறவாரத்தின் அடிப்பலகை, மேலே ஓட்டின் முதல் வரிசை. ஓட்டுக்கும் பீலிக்கும் நடுவே இடைவெளி. சுவாலை அதன் வழியாக உள்ளே நாக்கை நீட்டினால், கூரைக்கும் உள்கூரைக்கும் நடுவிலுள்ள இருட்டறைக்குப் போய்விடும். அங்கே காய்ந்த மரச்சட்டங்கள், பல வருடத் தூசி, சில வீடுகளில் பறவைக் கூடு. கீழே கூடத்தில் இருப்பவருக்கு மேலே நடப்பது தெரியாது. தெரியும்போது கூரையே எரிந்துகொண்டிருக்கும்.

தகரக் கூரை என்றால் பயமில்லையா? முழுக்க அப்படி இல்லை. நெளி தகரத்தின் ஒவ்வொரு நெளிவும், பீலி மேல் முடியும் இடத்தில் ஒரு சின்ன வாய். முகட்டிலும் அதே கதை. அந்த வாய்களைத் தீப்பிடிக்காத கனிமக் கம்பளியால் அடைக்கச் சொல்கிறார்கள். ஓட்டு வீடு என்றால் உடைந்த, நகர்ந்த ஓடுகளை மாற்ற வேண்டும். ஓட்டுக்கு அடியில் எளிதில் தீப்பிடிக்காத விரிப்பு இருந்தால் பொறி உள்ளே இறங்குவது குறையும். இரண்டு கூரைச் சரிவுகள் சேரும் பள்ளத்தை மறந்துவிடக் கூடாது. சருகு குவியப் பிடித்தமான இடம் அது. பீலியைத் துடைத்து வைத்துவிட்டுப் பள்ளத்தை விட்டுவிட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.

கூரை மேல் உட்கார்ந்திருக்கும் ஏர்கூலரும் ஒரு வாசல். அதன் ஈரத் தட்டைகள் பல மாடல்களில் காகிதக்கூழால் ஆனவை. தண்ணீர் நின்று காய்ந்த பிறகு கங்கு பட்டால் பற்றிவிடும். காற்றுத் துளைகள், கூலர் வாய்கள் எல்லாவற்றுக்கும் 2 மி.மீ.க்கு மேல் துளை இல்லாத உலோக வலை போட வேண்டும். காட்டுத்தீ அபாயப் பகுதிகளில் கட்டும் வீடுகளுக்கான ஆஸ்திரேலியத் தர விதி ‘ஏ.எஸ். 3959’ சொல்லும் அளவு அது. கொசுவலை மாதிரி பிளாஸ்டிக் வலை உருகிவிடும், பயனில்லை.

‘பீலிக்கு வலை போட்டாச்சே, போதாதா?’

போதாது. இலை விழாத உலோக வலை நல்ல விஷயம்தான். ஆனால் விற்கிறவர்கள் சொல்லும் அளவுக்கு அது மந்திரம் இல்லை. பெரிய இலை வலை மேலேயே தங்கி மேடாகும். பூ, தூள், சின்னச் சருகு உள்ளே இறங்கிப் படியும். சுத்தம் செய்யும் வேலை குறையும், ஒழியாது. பீலியையே கழற்றிவிடலாமே என்றால், கிராமப்புற ஆஸ்திரேலியாவில் பல வீடுகளுக்குக் குடிநீரே கூரையிலிருந்து தொட்டிக்கு இறங்கும் மழைநீர்தான். கழற்றினால் குடிக்கத் தண்ணீர் இல்லை.

தீ நெருங்கும் நாளுக்கு ஒரு பழைய உபாயம் உண்டு. பீலியிலிருந்து தண்ணீர் கீழே இறங்கும் குழாயை அடைத்து, பீலி முழுக்கத் தண்ணீர் நிரப்பி வைப்பது. அடைக்க என்ன? டென்னிஸ் பந்து! நம்மூர் தெரு கிரிக்கெட்டுக்கு வைத்திருப்போமே, அதேதான். பந்து இல்லையென்றால் மண் நிரப்பிய சாக்ஸ். விழும் கங்கு தண்ணீரில் அணைந்துவிடும். ஆனால் பந்தைத் தேடிக்கொண்டு நின்று, கிளம்ப வேண்டிய நேரத்தைத் தவறவிட்டால் அந்த உபாயமே எமனாகிவிடும். தீ நேரத்தில் மின்சாரம் போகும், குழாயில் தண்ணீர் அழுத்தமும் குறையும். நிரப்புவதென்றால் முன்கூட்டியே.

ஹோஸ் பைப்போடு கூரை மேல் ஏறி நிற்கும் காட்சியைச் செய்திப் படங்களில் பார்த்திருக்கலாம். தயவுசெய்து வேண்டாம். ஈரத் தகரம் வழுக்கும், சுவாலை தொடாமலே அதன் வெப்பம் ஆளைச் சாய்த்துவிடும். ஏணி இருக்க வேண்டிய இடம் வீட்டுக்குள்ளே. உள்கூரைத் திறப்பு வழியாக டார்ச் அடித்து, கங்கு புகுந்திருக்கிறதா என்று பார்க்க.

ஆளில்லாத வீட்டை யார் காப்பாற்றுவது?

கைப்பிடி அளவு தீயை ஒரு வாளித் தண்ணீர் அணைத்துவிடும், வாளியோடு ஆள் இருந்தால். அதனால்தான் ‘தயாராக இருந்து காப்பாற்று, இல்லையென்றால் சீக்கிரம் கிளம்பு’ என்பது அங்கே நெடுநாள் அறிவுரையாக இருந்தது. கறுப்புச் சனி அதை ஆட்டிவிட்டது. இறந்த 173 பேரில் பாதிக்கும் மேற்பட்டோர் வீடுகளுக்குள்ளேயே இறந்திருந்தார்கள். இன்று தீ அபாயத்துக்கு நான்கு நிலைகள். அதில் கடைசியான ‘பேரழிவு’ நிலை அறிவிக்கப்பட்டால், எவ்வளவு தயார் செய்த வீடாக இருந்தாலும் விட்டுவிட்டுக் கிளம்பு என்பதுதான் செய்தி.

சரியான மாற்றம்தான். உயிர் முதலில். ஆனால் அதன் இன்னொரு பக்கத்தை அவ்வளவாகப் பேசுவதில்லை. எல்லோரும் கிளம்பிவிட்ட தெருவில் சின்னத் தீயை அணைக்க யாரும் இல்லை. ஒரு பீலியில் தொடங்கியது ஒரு வீடாகி, அந்த வீட்டின் வெப்பம் பக்கத்து வீட்டையும் பற்ற வைக்கும். டஃபியின் உள் தெருக்களில் வீட்டுக்கு வீடு தாவியதும் உண்டு. ஆகவே, மாதங்களுக்கு முன்பே செய்து முடித்த வேலைதான் அன்றைக்கு வீட்டுக்குக் காவல்.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 1944 ஜனவரியில் மெல்போர்னின் பியூமாரிஸ் பகுதியில் ஐம்பதுக்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தபோதே, ஓர் அரசு ஆய்வாளர் வீடு வீடாகப் போய்ப் பார்த்து, பறந்து வந்த பொறிகளின் பங்கை எழுதி வைத்தார். ஏ.எஸ். 3959 முதலில் வெளியானதோ 1991இல். அதுவும் புதிதாகக் கட்டும் வீட்டுக்கும், பெரிதாக மாற்றிக் கட்டும் வீட்டுக்கும்தான். அதற்கு முன் கட்டிய லட்சக்கணக்கான வீடுகளின் கூரையில் யார் ஏறிப் பார்ப்பது என்பது உரிமையாளரின் விருப்பம்.

சிட்னி, மெல்போர்ன் புறநகர்களில் குடியேறும் தமிழர்களில் பலர் முதலில் வாடகை வீட்டில்தான் இருக்கிறார்கள். பீலியைச் சுத்தம் செய்வது அங்கே பொதுவாக வீட்டு உரிமையாளரின் பொறுப்பு, ஒப்பந்தத்தில் அது எப்படி எழுதியிருக்கிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது. வாயால் சொல்லாமல் மின்னஞ்சலில் கேளுங்கள். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் தீக்காலம் வழக்கமாக அக்டோபர் 1 அன்று தொடங்கும். கேட்க வேண்டியது ஆகஸ்டில். டிசம்பரில் கேட்டால், ஏணி வைத்திருக்கும் ஆட்கள் எல்லோரும் வேறு வீட்டுக் கூரையில் இருப்பார்கள்.