பாலை படிப்பவர்கள் (9): கடப்பாரையோடு ஒரு வகுப்பு

வகுப்பில் 40 மணி நேரம், களத்தில் 40 மணி நேரம். டெக்சாஸ் மாநிலம் 1990களின் கடைசியில் தொடங்கிவைத்த இந்தப் பயிற்சிக் கணக்கும், நடுவயதுக்காரர்களும் ஓய்வுபெற்றவர்களும் அதன்வழியே இயற்கை ஆர்வலர்களாகத் தேர்ந்த கதையும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். இந்த வாரம் அரிசோனாவின் டூசான் நகரத்து வௌவால்களிடம் போவதாகச் சொல்லியிருந்தோம். போகும் வழியில் ஒரு புல் குறுக்கிட்டுவிட்டது.

டூசானைச் சுற்றியிருப்பது சொனோரா பாலைவனம். நகரத்தின் மேற்கே மலைப்பூங்கா ஒன்று இருக்கிறது. ‘சொனோரன் டெசர்ட் வீட்வாக்கர்ஸ்’ என்ற தன்னார்வலர் குழு 2000ஆம் ஆண்டு முதல் அங்கே களையெடுத்து வருகிறது. வருகிறவர்களில் பலர் பறவை பார்க்கவும் கள்ளிகளின் பெயர் தெரிந்துகொள்ளவும் ஆசைப்பட்டவர்கள். அவர்கள் கையில் முதலில் தரப்படுவது கடப்பாரை. பாறைச் சரிவில் ஏறி, பாறை இடுக்கில் வேர்விட்ட ஒரு புல்லின் தூரைக் கடப்பாரையால் நெம்பி, வேரோடு பிடுங்கி, பையில் அடைக்க வேண்டும். அங்கே அந்தப் புல்லுக்குப் பெயர் பஃபல் கிராஸ். அரிசோனா அரசு 2005இல் அதைத் தீங்கான களை என்று அறிவித்தது.

தாவரவியல் பெயர் செங்க்ரஸ் சிலியாரிஸ். காங்கயத்துக்காரர்களிடம் ஒரு கைப்பிடியைக் காட்டினால் உடனே சொல்லிவிடுவார்கள், இது கொழுக்கட்டைப்புல்!

திருப்பூர், கரூர், ஈரோடு பக்கம் கொறங்காடு என்று சொல்லப்படும் மேய்ச்சல் நிலங்களின் உயிரே இந்தப் புல்தான். சுற்றிலும் முள்கிளுவை வேலி, உள்ளே ஆங்காங்கே நிழலுக்கும் காய்க்கும் வெள்வேல மரம், தரையெங்கும் கொழுக்கட்டைப்புல். ஒருமுறை விதைத்தால் பல ஆண்டுகள் நிற்கும். கோடையில் காய்ந்து வைக்கோலாகக் கிடக்கும். ஒரு நல்ல மழை பெய்தால் தூரிலிருந்து மறுபடி பச்சை கட்டும். காங்கயம் காளையின் திமிலும் கட்டுடலும் இந்தப் புல்லைத் தின்று வளர்ந்தவை. ராஜஸ்தானிலும் இதற்கு அதே மரியாதை. ஜோத்பூரில் இருக்கும் மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிலையம் இதில் ரகமே வெளியிட்டிருக்கிறது. வறட்சியைத் தாங்கும், மிதித்தாலும் சாகாது, மண்ணைப் பிடித்து நிறுத்தும். மேய்ச்சல்காரர் ஒருவர் புல்லிடம் வேறென்ன கேட்பார்?

அமெரிக்கர்களும் இதைத்தான் கேட்டார்கள். 1930களில் புழுதிப் புயல்கள் அங்கே வயல்களின் மேல்மண்ணை வாரிக்கொண்டு போயின. மண்ணைக் காக்கவும் மாட்டுக்குத் தீனி தரவும் வல்ல புற்களை அரசின் மண்வளத் துறை உலகெங்கும் தேடியது. கென்யாவின் துர்கானா வறண்ட நிலத்து விதையிலிருந்து தேர்ந்தெடுத்த கொழுக்கட்டைப்புல் 1946இல் டெக்சாஸிலிருந்து வெளியிடப்பட்டது. எல்லைக்கு அந்தப்பக்கம் மெக்சிகோவின் சொனோரா மாநிலத்திலும் பாலைவனத்து மரஞ்செடிகளைத் தள்ளிவிட்டுப் பல லட்சம் ஹெக்டேரில் இதை விதைத்தார்கள். அங்கத்திய பண்ணைக்காரர்களுக்கு இன்றும் இது செல்வம்.

டூசான் மலைகளில் இதே புல் ஏன் ஆபத்தாகிறது? பயிற்சி வகுப்புகள் இதற்காகவே நேரம் ஒதுக்குகின்றன.

சொனோரா பாலைவனத்தில் செடிக்கும் செடிக்கும் நடுவே வெறும் மண் கிடக்கும். அந்த இடைவெளிதான் அதன் பாதுகாப்பு. மின்னல் விழுந்து ஒரு புதர் பற்றிக்கொண்டாலும் தீ அடுத்த புதருக்குத் தாவ வழியில்லை. அதனால் அங்குள்ள தாவரங்கள் தீயைச் சமாளிக்கும் திறனை வளர்த்துக்கொள்ளவே இல்லை. கொழுக்கட்டைப்புல் அந்த இடைவெளிகளை நிரப்பி, ஆண்டில் பெரும்பகுதி காய்ந்து நிற்கிறது. பற்றினால் 700 டிகிரி செல்சியஸைத் தாண்டும் வெப்பம். எரிந்த பிறகு புல் தூரிலிருந்து துளிர்த்துவிடும், சுற்றியிருந்தவை துளிர்ப்பதில்லை. 2019 ஆகஸ்டில் டூசானுக்கு வடக்கே காட்டலினா மலையடிவாரத்தில் இந்தப் புல்லையே எரிபொருளாகக் கொண்டு ஒரு தீ ஓடியது. அதுவரை வரைபடத்திலும் வகுப்பறையிலும் சொல்லப்பட்ட எச்சரிக்கையை நகரம் கண்ணால் பார்த்தது.

இழப்பு எவ்வளவு என்பதை சகுவாரோ கள்ளியை வைத்துக் கணக்கிடலாம். முதல் எட்டு ஆண்டுகளில் அது வளர்வது ஓர் அங்குலம், மிஞ்சினால் ஒன்றரை. முதல் பூவுக்கு ஏறக்குறைய 35 வயது ஆக வேண்டும். படங்களில் பார்க்கிற அந்தக் கைகள் முளைக்க 50 முதல் 70 ஆண்டுகள், வறண்ட இடமென்றால் 100 ஆண்டுகூட. இளங்கன்று தனியாகப் பிழைக்காது. பாலோ வெர்டே போன்ற மரத்தின் நிழலில் ஒண்டித்தான் வளரும். தீயில் வெந்த சகுவாரோ உடனே விழுவதுமில்லை. சில ஆண்டுகள் நின்றபடியே இருந்துவிட்டுப் பிறகு சாகும். எனவே தீ அணைந்த மறுநாள் எடுக்கிற கணக்கு குறைவாகவே காட்டும்.

பிடுங்குவதற்கு முன் அடையாளம் தெரிய வேண்டும். அரிசோனா காட்டன்டாப், டாங்கிள்ஹெட் என்று உள்ளூர்ப் புற்கள் சில தூரத்தில் இதே சாயலில் தெரியும். அவற்றைப் பிடுங்கிவிட்டால் காக்க வந்தவரே கெடுத்தவராவார். இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு: கதிரை விரலிடையில் வைத்து உருவி, பூமுடிகள் உதிர்ந்த பின் மிஞ்சும் காம்பைத் தடவிப் பார்ப்பது. கொழுக்கட்டைப்புல்லின் காம்பு உப்புத்தாள் போலச் சொரசொரக்கும். கண் ஏமாந்தாலும் விரல் ஏமாறாது என்பதால் புதியவர்களுக்கு இந்தப் பயிற்சி மறுபடி மறுபடி தரப்படுகிறது. வெயில் தாக்கும் தென்முகச் சரிவுகளில் முதலில் தேட வேண்டும்; கண்ணுக்குத் தெரியாத பாறையிடுக்கில் கையை நுழைக்கக் கூடாது, கிலுகிலுப்பைப் பாம்பு இருக்கலாம்; சோயா கள்ளியின் துண்டு ஒட்டிக்கொண்டால் கையால் தொடாமல் தலைவாரும் சீப்பால் தள்ளிவிட வேண்டும். இவையும் பாடத்தில் அடக்கம்.

பிடுங்கிய சரிவுக்குத் திரும்பிப் போவதுதான் கடினம். மண்ணில் விழுந்த விதை நான்கு ஆண்டு வரை முளைக்கும் உயிரோடு கிடக்கும். காட்டலினா சரிவுகளில் இந்தப் புல் படர்ந்த பரப்பு 2 முதல் 7 ஆண்டுகளுக்குள் இரட்டிப்பாவதாக ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். ஒருமுறை வந்து படமெடுத்துப் போகிறவர்களால் இங்கே பயனில்லை. பருவமழைக்குப் பின் அதே சரிவில் ஏறி, முளைத்ததைப் பிடுங்கி, எண்ணிக்கையைக் குறித்துவைக்கும் ஆட்கள் தேவை. பெரியவர்களுக்குப் பயிற்சி தருவதன் நியாயம் இதில் இருக்கிறது. அவர்கள் அந்த ஊரிலேயே வாழ்கிறவர்கள், அடுத்த ஆண்டும் இருப்பார்கள்.

குறித்துவைப்பது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு டூசானிலேயே ஒரு பழைய பாடம் உண்டு. 1940களில் இன்றைய சகுவாரோ தேசியப் பூங்காவில் முதிர்ந்த கள்ளிகள் அழுகி விழுந்தன. தொற்றுநோய் என்று அஞ்சினார்கள். ஒரு சதுர மைல் நிலத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் நோய்கண்டவற்றை வெட்டிப் புதைத்தார்கள். மறு பாதியைத் தொடவில்லை. காலம் போனபின் பார்த்தால் இரண்டு பாதிக்கும் வித்தியாசமே இல்லை. கிழட்டுக் கள்ளிகளைக் கொன்றதில் கடும் பனிக்குப் பெரும்பங்கு இருந்தது. மாட்டு மேய்ச்சலும் விறகுவெட்டும் நிழல் மரங்களை அழித்ததால் இளங்கன்றுகள் வராமல் போயிருந்தன. பாதி நிலத்தைத் தொடாமல் விட்டதால்தான் இது தெரியவந்தது. அதே பூங்காவில் 1990இலிருந்து பத்தாண்டுக்கு ஒருமுறை சகுவாரோ கணக்கெடுப்பு நடக்கிறது, தன்னார்வலர்கள் துணையோடு. நகரத்துக்குள்ளேயே இருக்கும் டூமமாக் குன்றில் 1906இல் குறித்த ஆய்வுப் பாத்திகளில் இன்றும் செடிகளை எண்ணுகிறார்கள்.

பயிற்சி பெற்றவர்கள் நடைபாதையில் எதிர்ப்படுகிறவர்களுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். ‘பச்சையாக இருக்கிற புல்லை ஏன் பிடுங்குகிறீர்கள்?’ என்ற கேள்வி வந்துகொண்டே இருக்கும். தமிழ் வாசகருக்கு இதன் மறுபக்கம் நன்றாகவே தெரியும். ராமநாதபுரத்திலும் விருதுநகரிலும் கண்மாய்களை அடைத்து நிற்கும் சீமைக் கருவேலத்தின் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். 1870களில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. அதன் நெருங்கிய உறவான வெல்வெட் மெஸ்கீட் டூசானில் சொந்த மண்ணின் மரம். அதன் காயை அரைத்து மாவாக்கி உண்கிறார்கள், வெட்டினால் வருந்துகிறார்கள். நம் மேய்ச்சல் புல் அங்கே களை. அவர்கள் மரத்தின் உறவு இங்கே களை. இரண்டையும் நல்ல நோக்கத்தோடுதான் கப்பலேற்றினார்கள். ஆஸ்திரேலியாவுக்கு இந்தப் புல் போனதோ இன்னொரு விதம். 19ஆம் நூற்றாண்டில் ஆப்கானிஸ்தான், பலுசிஸ்தான் பக்கத்து ஒட்டகக்காரர்கள் கொண்டுபோன சேணங்களின் திணிப்பில் விதை ஒளிந்திருந்தது. பிறகு மேய்ச்சலுக்கென்றே விதைத்தார்கள். இன்று அங்கே தெற்கு ஆஸ்திரேலியாவும் வடக்குப் பிரதேசமும் இதைச் சட்டப்படி களையாக்கிவிட்டன. மாடு வளர்ப்போர் பலர் அதை ஏற்கவில்லை.

வௌவால்களுக்கு வருவோம். சகுவாரோ பூ இரவில் விரிந்து மறுநாள் பிற்பகலில் வாடுகிறது. அதற்குள் தேன் குடிக்க வரும் நீள்மூக்கு வௌவால் 1988இல் அமெரிக்காவின் அழிநிலைப் பட்டியலில் சேர்ந்தபோது, கணக்கில் வந்தவை 1,000க்கும் குறைவு. 2018இல் பட்டியலிலிருந்து விடுவிக்கப்பட்டபோது மதிப்பீடு ஏறக்குறைய 2,00,000. ஹம்மிங்பேர்டு பறவைகளுக்காக வீட்டு முற்றத்தில் தொங்கவிட்ட சர்க்கரைத் தண்ணீர்க் குடுவை காலையில் ஏன் காலியாக இருக்கிறது என்று டூசான்வாசிகள் எழுதிவைத்த குறிப்புகளுக்கு இந்த மீட்சியில் ஒரு பங்கு உண்டு. அந்தக் குறிப்பை எப்படி எடுத்தார்கள், அதிலிருந்து என்ன தெரிந்தது என்பதை அடுத்த வாரம் விரிவாகப் பார்ப்போம்.

(தொடரும்)