தைத்தேனியத்தில் மறைந்திருக்கும் ஒட்சிசன்: லேசர் ஒளி காட்டும் வழி

1989 ஆம் ஆண்டு ஜூலை 19 ஆம் திகதி அமெரிக்காவின் சூ சிட்டி விமான நிலையத்தில் டிசி-10 ரக பயணிகள் விமானமொன்று விழுந்து நொறுங்கியதில் 112 பேர் உயிரிழந்தனர். அதன் வால்பகுதி இயந்திரத்திலிருந்த தைத்தேனியத் தட்டு நடுவானில் வெடித்துச் சிதறியதே இதற்குக் காரணம். உலோகம் உருக்கப்பட்டபோது நைதரசன் அளவுமீறிச் சேர்ந்ததால் தோன்றிய சிறு குறையொன்றிலிருந்து பல ஆண்டுகளாக வெடிப்பு வளர்ந்து வந்தமை விசாரணையில் தெரியவந்தது.

ஒட்சிசனும் இத்தகைய தீங்கை விளைவிக்க வல்லது. சிறிதளவு ஒட்சிசன் தைத்தேனியத்தின் வலிமையைக் கூட்டும். அளவு மீறினாலோ உலோகம் நொறுங்கும் தன்மையைப் பெற்றுவிடும். தூய தைத்தேனியத்தின் முதற்தரத்தில் 0.18 சதவீதமும், நான்காம் தரத்தில் 0.40 சதவீதமுமே உச்ச வரம்பாகும். உடலினுள் பொருத்தப்படும் மூட்டுகளுக்கான கலப்புலோகத்தில் இவ்வரம்பு 0.13 சதவீதம் மாத்திரமே. உட்புகுந்த ஒட்சிசனை மீண்டும் உருக்கியும் அகற்ற முடியாது என்பதால் முன்கூட்டியே அளவிடுவது அவசியமாகின்றது.

வழமையான முறையில், வெட்டியெடுத்த மாதிரி காரியக் குடுவையில் உருக்கப்படுகின்றது. வெளியேறும் ஒட்சிசன் காபனுடன் சேர்ந்து வாயுவாக மாற, அகச்சிவப்புக் கதிரால் அது அளக்கப்படும். இம்முறை நம்பகமானது. எனினும், மாதிரி அழிந்துவிடும்.

லேசர் முறையிலோ, மிகக் குறுகிய லேசர் துடிப்பொன்று உலோகப் பரப்பின் நுண்ணிய புள்ளியை ஆவியாக்கி, பல்லாயிரம் பாகை வெப்பமுள்ள பிளாஸ்மாவாக மாற்றுகின்றது. அது உமிழும் ஒளியில் ஒவ்வொரு மூலகத்துக்கும் உரிய கோடுகள் தென்படும். ஒட்சிசனுக்குரிய 777 நனோமீற்றர் கோட்டின் செறிவைக் கொண்டு அதன் அளவு கணிக்கப்படுகின்றது. 2012 இல் செவ்வாயில் தரையிறங்கிய கியூரியோசிற்றி ஊர்தி பாறைகளை ஆராய்வதும் இதே தத்துவத்தின்படியே ஆகும்.

இதிலும் சிக்கல்கள் இல்லாமலில்லை. காற்றிலுள்ள ஒட்சிசன் கணிப்பைக் குழப்பாதிருக்க, ஆகன் வாயுவிலோ வெற்றிடத்திலோ சோதனை நடைபெற வேண்டும். மேற்பரப்பின் ஒட்சைட்டுப் படலத்தை முதற் துடிப்புகளால் நீக்கவேண்டும். ஒட்சிசனின் கோடு மங்கலானது என்பதால், அளவு முன்னரே அறியப்பட்ட மாதிரிகளுடன் ஒப்பிடுவதும் இன்றியமையாதது. எனவே, இது பழைய முறையின் இடத்தைப் பிடிக்கும் என்பதைவிட, விரைவாகத் தரம் பிரிக்க அதற்குத் துணைநிற்கும் என்பதே பொருந்தும்.

எமது புல்மோட்டை மணலிலுள்ள இல்மனைட், ரூட்டைல் ஆகியனவும் ஒட்சிசனுடன் பிணைந்த தைத்தேனியக் கனிமங்களே. மணலை உலோகமாக்குவது ஒட்சிசனை நீக்கும் தொழில்நுட்பம். அவ்வுலோகத்தை நம்பத்தகுந்ததாக்குவது எஞ்சியதை அளவிடும் அறிவு. கனிவளம் பற்றிப் பேசும்போது இவ்விரண்டையும் நாம் மறந்துவிடலாகாது.