சென்சார் ஆகாத படத்தை தியேட்டரில் பார்க்கலாமா? சட்டம் சொல்வது என்ன?

பெரிய திரை, ஏசி, பக்கத்து சீட்டில் பாப்கார்ன்... எல்லாம் வழக்கமான தியேட்டர்தான். ஆனால், படம் தொடங்கும் முன் திரையில் வர வேண்டிய சென்சார் சான்றிதழ் மட்டும் வராது. திரைப்பட விழாக்களுக்குப் போய்ப் பழகியவர்களுக்கு இது சகஜம். முதல்முறை போகிறவர்களுக்கு ‘இதெல்லாம் சட்டப்படி ஓகேவா?’ என்று லேசாக உதறும்.

ஓகேதான். 1952-ம் ஆண்டின் சினிமாட்டோகிராஃப் சட்டப்படி, சான்றிதழ் இல்லாத படத்தைப் பொதுவில் திரையிடுவது குற்றம். ஆனால், எந்தப் படத்துக்கும் இதிலிருந்து விலக்கு தரும் அதிகாரத்தை அதே சட்டத்தின் 9-வது பிரிவு மத்திய அரசுக்குக் கொடுக்கிறது. விழாக்கள் நுழைவது இந்தக் கதவு வழியாகத்தான்.

அதற்கு நிபந்தனைகள் உண்டு. படங்களின் பட்டியலை முன்கூட்டியே தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கு அனுப்பி அனுமதி வாங்க வேண்டும். லாப நோக்கம் கூடாது. பதிவு செய்தவர்கள் மட்டுமே பார்க்கலாம். ஷோவுக்கு ஷோ டிக்கெட் கிழிக்காமல், கழுத்தில் டெலிகேட் பாஸ் மாட்டி அனுப்புவது இதனால்தான். சும்மா கெத்துக்காக இல்லை!

ஆக, ‘சென்சார் இல்லாத படம்’ என்றாலும் அரசின் அனுமதி இல்லாமல் திரைக்கு வராது. அந்தக் கதவு சில நேரம் சாத்தப்படும். 2017-ல் கேரளாவில் நடந்த ஆவணப்பட, குறும்பட விழாவில் மூன்று படங்களுக்கு விலக்கு மறுக்கப்பட்டது. ஒன்று ரோஹித் வெமுலா பற்றியது. மற்றவை ஜேஎன்யு, காஷ்மீர் பற்றியவை.

அதே ஆண்டில் சனல்குமார் சசிதரனின் மலையாளப் படத்துக்கு நடந்தது இன்னும் சிக்கலானது. நள்ளிரவில் ஊரைவிட்டுக் கிளம்பும் ஒரு ஜோடி, முன்பின் தெரியாத ஆட்களின் வேனில் லிஃப்ட் கேட்டு ஏறுகிறது. அவ்வளவுதான் கதை. ‘கூழாங்கல்’ பின்னாளில் வென்ற ராட்டர்டாம் டைகர் விருதை அதற்கு முன்பே வென்ற படம் இது. ‘செக்ஸி துர்கா’ என்ற தலைப்பால் மத உணர்வு புண்படலாம் என்று மும்பை விழாவில் விலக்கு கிடைக்கவில்லை. தலைப்பு ‘எஸ் துர்கா’ ஆனது, சில வார்த்தைகள் மியூட் ஆகின, யு/ஏ சான்றிதழும் வந்தது.

அத்தோடு முடிந்ததா? கோவா சர்வதேச விழாவுக்கு நடுவர் குழு இந்தப் படத்தைத் தேர்வு செய்தது. அமைச்சகம் பட்டியலிலிருந்து தூக்கியது. குழுத் தலைவர் சுஜோய் கோஷ் ராஜினாமா செய்தார். திரையிடச் சொல்லி கேரள உயர் நீதிமன்றம் நவம்பர் 21-ல் உத்தரவிட்டது. விழாவின் கடைசி நாளான 28-ம் தேதி, டைட்டில் கார்டைக் காரணம் காட்டி படத்தை மறுபரிசீலனைக்கு அனுப்பியது சென்சார் போர்டு. கோவாவில் படம் ஓடவே இல்லை. கோர்ட் வரை போய் ஜெயித்த படத்துக்கே இந்தக் கதி!

ஓடிடி-யில் எல்லாம் கிடைக்குமே என்று சொல்லலாம்தான். ஆனால், விழாவுக்கு வரும் பல படங்களுக்கு இங்கே விநியோகஸ்தரே கிடையாது. வெட்டில்லாமல், பெரிய திரையில், கூட்டத்தோடு பார்க்க அந்த ஒரு ஷோதான். டிசம்பரில் சென்னை விழாவுக்கு பாஸ் எடுப்பவர்கள், கிளம்பும் முன் அன்றைய ஷெட்யூலை ஒருமுறை செக் பண்ணிவிடுவது நல்லது.